துவைக்கக் கூடாத துண்டு

ஜூலை 2

கண்ணாடிக் கடை மேடம் அவர்களுக்கு,

லாண்டரிக்காரன் எழுதுவது. "அன்புள்ள" என்று ஆரம்பித்து அதை அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது என்கிறாள் மகள். தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், வேறு தாள் எடுக்கச் சோம்பல்.

நேற்று போனில், "இனிமே எதுவா இருந்தாலும் எழுதுங்க. பேசினா நீங்க சிரிக்க வெச்சே தப்பிச்சிடுறீங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நானோ பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். "கறை போகாது, எங்கள் பொறுப்பல்ல" என்று ரசீதில் எழுதுவதுதான் நான் எழுதியதிலேயே நீளமான வாக்கியம். இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

உங்கள் ஊசி வந்து சேர்ந்தது. கூடையைக் கொண்டுவந்த உங்கள் கடை வேன் டிரைவர், "வழியெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே வந்துச்சுங்க" என்றார். பூனையைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் உங்கள் கண்ணாடிக் கடைக் கிளையில் நீங்கள் கண் சோதிக்கும் வேலை பார்த்த நாட்களில் உங்கள் வெள்ளைக் கோட்டிலிருந்து இந்தச் சாம்பல் முடியை எத்தனை முறை ஒட்டுநாடா வைத்து எடுத்திருக்கிறேன். உங்களிடம் நான் முதலில் பேசிய பேச்சே "வீட்ல பூனை இருக்குங்களா?" என்பதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக ஒருவர் வந்தால் வீட்டில் இருப்பவருக்கு அறிமுகம் செய்துவைப்பதுதானே மரியாதை. கூடையை ஹாலில் நடுவில் வைத்தேன். மூட்டையைக் கூப்பிட்டேன். (கவுன்டருக்கு அடியில் கிடந்து உங்கள் செருப்பை மோந்து பார்க்குமே, அதே நாய்தான். குட்டியாக லாட்ஜ் துணி மூட்டைக்குள் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர்.) "இவங்கதான் ஊசி. இனிமே நம்மகூடத்தான் இருப்பாங்க" என்று சொல்லி மூடியைத் திறந்தேன்.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. அது வரிசையாக நடக்கவில்லை. முடிவு மட்டும் சொல்கிறேன். மூட்டையின் மூக்கில் இரண்டு கோடு. ஜன்னல் திரை பாதி கீழே. ஊசி பீரோ மேலே பெட்டிக்குப் பின்னால். நான் சோபாவின் மேலே. மகள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதுல யாரை யார் கடிச்சது?" என்றாள்.

சிரித்தீர்களா? சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், எங்கள் ஊர்க் கிளையா, அந்த மலைப் பக்கத்துக் கிளையா என்று. ஊசிக்கு இங்கே ஒத்துவந்தால்தான் நீங்கள் வருவீர்கள். இல்லையென்றால் நீங்களும் இல்லை, நாம் பேசிவைத்த கல்யாணமும் இல்லை. அதைச் சொன்னபோது உங்கள் குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அப்படியே செய்கிறேன்.

லாண்டரி


ஜூலை 6

லாண்டரிக்காரருக்கு,

அடித்த "அன்புள்ள" தெரிந்தது. கண்ணாடிக் கடைக்காரியிடம் அதையெல்லாம் மறைக்க முடியாது.

சிரிக்கவில்லை. ஊசிக்குப் பதினொரு வயது. அவள் என் மடிக்கு வந்தபோது என் உள்ளங்கை அளவு இருந்தாள். அதற்குப் பிறகு நான் வாடகைக்கு இருந்த வீடுகள் மாறின, வேலை பார்த்த கிளைகள் மாறின, உடன் வேலை செய்தவர்கள் மாறினார்கள். கதவைத் திறந்ததும் வந்து காலில் உரசுகிறவள் மட்டும் மாறவில்லை. அவளை நீங்கள் ஒரு நாயின் முன்னால் மூடியைத் திறந்து கொட்டியிருக்கிறீர்கள்.

நான் சொல்வதைச் செய்யுங்கள். அவளுக்கு ஒரு தனி அறை. கதவு மூடியிருக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், அவள் ஒதுங்க மண் நிரப்பிய தட்டு எல்லாம் அந்த அறைக்குள்ளேயே. ஏறி உட்கார உயரமான ஓர் இடம். மேலே இருந்து பார்த்தால்தான் அவளுக்குத் தைரியம் வரும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில், கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாப்பாடு வையுங்கள். முதலில் கதவிலிருந்து தள்ளி, போகப் போகக் கிட்டே. மற்றவரின் வாசனை வரும்போதெல்லாம் வயிறு நிறைகிறது என்று இருவரும் பழக வேண்டும்.

அடுத்தது துண்டு. ஒரு துண்டை ஊசியின் கன்னத்தில் தேய்த்து மூட்டையின் படுக்கையில் போடுங்கள். இன்னொன்றை மூட்டையின் கழுத்தில் தேய்த்து ஊசியின் அறையில் போடுங்கள். தினமும். நேரில் பார்ப்பதற்கு முன்னால் மூக்கு பழகட்டும். யாரையும் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள்.

ஒன்று கவனம். பயந்தால் அவள் சாப்பிட மாட்டாள். இரண்டு நாள் தட்டு அப்படியே இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். விளையாட்டுக்கு எழுதவில்லை.

முடியாது என்று தோன்றினால் முடியாது என்று எழுதிவிடுங்கள். வேனை அனுப்புகிறேன். மலைப் பக்கத்துக் கிளையில் தங்க வீடும் கொடுக்கிறார்கள். அங்கே பூனைக்கு ஒரு தடையும் இல்லை.

கண்ணாடி


ஜூலை 11

மேடம் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதை இஸ்திரி மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒன்று விடாமல் செய்கிறேன்.

தனி அறை என்றால் என் அறைதான். மகளின் அறையைக் கேட்டேன். "எனக்குப் பரீட்சை இருக்கு, உங்களுக்கு என்ன இருக்கு?" என்றாள். நியாயம்தான். ஆகவே என் கட்டிலில் ஊசியும் ஹால் சோபாவில் நானும் தூங்குகிறோம். காலை மடக்கித் தூங்கி மடக்கியபடியே நடக்கிறேன்.

சாப்பாடும் கதவுக்கு இரு பக்கமும் வைக்கிறேன். துண்டு விஷயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டும் கடையிலேயே நல்ல துண்டுகள். கன்னத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று, நீங்கள் சொன்னபடி தேய்த்துவிடுகிறேன். உடனே கீழே கடைக்குக் கொண்டுபோய் வெந்நீரில் அலசி, நல்ல வாசனை மருந்து ஒரு மூடி விட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து, அப்புறம்தான் மேலே கொண்டுவந்து போடுகிறேன். மூட்டையின் படுக்கை விரிப்பும் தினம் ஒரு துவையல். முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரு பொருள் கொடுக்கும்போது அழுக்காகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கடையிலிருந்து ஒரு கைக்குட்டைகூட அழுக்காக வெளியே போனதில்லை.

ஆனால் பலன்தான் இல்லை. மூட்டை ஒவ்வொரு நாளும் கதவடியில் மூக்கை வைத்து, இப்போதுதான் யாரோ வந்து இறங்கியதுபோல உறுமுகிறான். நேற்று உறுமியதே அவனுக்கு ஞாபகம் இல்லை. உள்ளே ஊசி பீரோ மேலிருந்து இறங்குவதே இல்லை. தட்டில் கால்வாசிதான் காலியாகிறது. மகள் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கெஞ்சுகிறாள்.

"ஊசிம்மா, ஒரு வாய் சாப்பிடேன். நீ சாப்பிடலைன்னா இந்த மனுஷன் சோபாவுலேயே செத்துப்போயிடுவாரு."

நேற்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். வயசான பூனை, இப்படியே விட்டால் ஈரலைப் பாதிக்கும் என்றார். பசி எடுக்க ஒரு மருந்து கொடுத்திருக்கிறார். டாக்டரிடமிருந்து வந்த பிறகு நான் கடையில் மூன்று சட்டைக்குத் தவறான சீட்டு கட்டிவிட்டேன். இருபது வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

வேனை அனுப்பச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் நிஜத்தை எழுதச் சொன்னீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

லாண்டரி


ஜூலை 15

லாண்டரிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தின் நடுப் பகுதியைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சிரித்த சிரிப்பில் சோதனையைத் தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது. நானும் சிரித்தேன். பிறகு ஊசி சாப்பிடவில்லை என்ற இடம் வந்தது.

துண்டைத் துவைத்தால் அதில் என்ன இருக்கும்?

நான் அனுப்பச் சொன்னது துண்டை அல்ல, அதில் இருக்கும் அழுக்கை. மூட்டையின் கழுத்து மணம், ஊசியின் கன்னத்து மணம். அதைத்தான் நீங்கள் தினமும் வெந்நீரில் கரைத்துச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். படுக்கையையும் துவைத்ததால் மூட்டைக்குத் தன் மணமே தன் படுக்கையில் இல்லை. அதனால்தான் தினமும் புதிதாக உறுமுகிறான். இந்த வீட்டில் யாருமே இல்லை என்று தினமும் காலையில் இருவருக்கும் இஸ்திரி போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்று முதல் அந்தத் துண்டுகளையும் படுக்கைகளையும் துவைக்காதீர்கள். முடி ஒட்டியிருந்தால் ஒட்டியிருக்கட்டும். உங்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும்.

மருந்து கொடுத்ததும் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கண்ணாடி


ஜூலை 20

மேடம் அவர்களுக்கு,

ஊசி தட்டு முழுவதும் சாப்பிட்டாள். நேற்றும் இன்றும். முதல் வரியில் எழுதிவிட்டேன்.

துவைக்கவில்லை. எழுதுவதுபோல அது சுலபமாக இல்லை. மூட்டையின் படுக்கையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை தானாக நீளுகிறது. மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, கைய எடுங்க."

"ஓரத்துல மட்டும் லேசா..."

"ஓரமும் வேண்டாம், லேசும் வேண்டாம். போய் லாட்ஜ் துணியைத் துவைங்க."

முதல்முறை அந்த அழுக்குத் துண்டைப் போட்டபோது மூட்டை அதை மோந்தான், மோந்தான், மோந்துகொண்டே இருந்தான். நான் பேப்பரைப் படித்து முடிக்கும்வரை மோந்தான். அப்புறம் அதன் மேலேயே தாடையை வைத்துப் படுத்துவிட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷமாக ஊரில் உள்ளவர்களின் வாசனையை எல்லாம் எடுத்துக் கொடுத்துப் பிழைப்பவன் நான். அது இவ்வளவு பெரிய சரக்கு என்று யாரும் சொல்லவில்லை.

அறைக் கதவைக் கழற்றிவைத்துவிட்டுக் கம்பி வலை அடித்த ஒரு சட்டத்தை மாட்டினேன். சுவரில் ஊசிக்கு மூன்று பலகை, படிபோல. இருவரும் சந்திக்கும்போது மூட்டையின் கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். நேற்று சாயங்காலம் வலையையும் திறந்தோம். ஊசி பலகையிலிருந்து இறங்கி வந்து, ஹால் நடுவில் மூட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூட்டை என்னைப் பார்த்தான். நான் மகளைப் பார்த்தேன். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதுகைக் காட்டுவது நல்லதா கெட்டதா? எனக்கு அனுபவம் உண்டு, ஆனால் அது பூனையிடம் இல்லை.

ஊசி ஓடினால் மட்டும் மூட்டையும் எழுந்து துரத்தப் பார்க்கிறான். கயிறு இருப்பதால் நானும் சேர்ந்து துரத்துகிறேன். மாதம் முடிய அதிக நாள் இல்லை. அதற்குள் தேறிவிடுவார்களா?

லாண்டரி


ஜூலை 23

லாண்டரிக்காரருக்கு,

முதுகைக் காட்டினால் நல்லது. பயம் இருக்கும் இடத்திலிருந்து அவள் கண்ணை எடுக்க மாட்டாள்.

அவசரப்படாதீர்கள். என் அலுவலகத்தின் தேதி அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் ஆள் இல்லாதபோது இருவரையும் ஒன்றாக விடாதீர்கள். அவன் துரத்தாமல் இருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு ஏதாவது தின்னக் கொடுங்கள். (தின்னும் துண்டு. துவைக்கும் துண்டு அல்ல.)

ஒன்றை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஊசிக்குச் சூடு என்றால் உயிர். சூடு இருக்கும் இடம் எதுவானாலும் தேடிப் போய் உள்ளே புகுந்து படுத்துக்கொள்வாள். கூப்பிட்டால் குரல் கொடுக்க மாட்டாள். கீழே உங்கள் இயந்திரங்கள் இருக்கின்றன. மாடிப்படிக் கதவு எப்போதும் மூடியிருக்கட்டும். எப்போதும்.

நேற்று கண் பரிசோதனையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தேன். "இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற கேள்விதான். கேட்டுவிட்டு, அவர் பதில் சொன்னதைக் கவனிக்கவில்லை. உங்கள் ஹாலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி


ஜூலை 25

உங்களுக்கு,

ஊசி நன்றாக இருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டார். ஒரு கீறல்கூட இல்லை. இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

இதை நான் விளையாட்டாக எழுதப் போவதில்லை.

உங்கள் கடிதம் காலையில் வந்தது. சூடான இடம், மாடிப்படிக் கதவு என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். சுவரில் மற்ற கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மதியம் லாட்ஜிலிருந்து பெரிய உருப்படி வந்தது. மூட்டை கீழே என்னோடு இருந்ததால் மேலே ஊசியின் வலையைத் திறந்தே விட்டிருந்தேன். மேலே காயப் போட்டும் ஈரம் போகாத விரிப்புகளை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு இறங்கினேன். கதவை முதுகால் தள்ளித் திறந்தேன். முதுகால் மூடவும் செய்தேன் என்றுதான் நினைத்தேன். அது மூடவில்லை.

உலர்த்தும் இயந்திரத்தில் முதல் பங்கு முடிந்திருந்தது. பாதித் துணியை எடுத்து மேசையில் போட்டேன். அப்போது ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவரிடம் பேசிவிட்டு வர அவ்வளவு நேரம் ஆகவில்லை. வந்ததும், உள்ளே மிச்சம் இருந்த சூடான விரிப்புகளோடு ஈரத் துணியையும் சேர்த்துத் திணித்து, கண்ணாடிக் கதவை மூடினேன். இயந்திரத்துக்குள் ஒரு பார்வை பார்க்கவில்லை.

மூட்டை கவுன்டருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். அந்தக் கதவில் இரண்டு முன்னங்கால்களையும் வைத்து முனகினான். பசி என்று நினைத்தேன். "போடா, அப்புறம்" என்று காலால் ஒதுக்கினேன். திரும்பவும் வந்தான். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கவுன்டருக்கு அடியில் விட்டேன். நான் சுவிட்சுக்குக் கை நீட்டும்போது சட்டைக் கையைப் பல்லால் பிடித்துக்கொண்டான். குட்டியாக வந்த நாளிலிருந்து என்மேல் பல் பட்டதில்லை. அவன் துண்டு தவறி உள்ளே போய்விட்டதோ, அதற்குத்தான் இந்தப் பாடோ என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

ஈரத் துணியை இழுத்தேன். அடியில் விரிப்புக்குள் ஊசி சுருண்டு படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊசியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மகள் வந்துதான் தண்ணீர் கொடுத்தாள். கடையைப் பாதியில் மூடினேன்.

சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அவங்ககிட்ட சொல்லாதீங்க. ஒண்ணும் ஆகலையே. சொன்னா வர மாட்டாங்க" என்றாள். அவளுக்கு நீங்கள் வர வேண்டும். அதை இதுவரை என்னிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டாள். நானும் கொஞ்ச நேரம் அதையே நினைத்தேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்து, ஊசி நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று ஒரு கடிதம் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மூடச் சொன்ன கதவு அது. மூடாதவன் நான். வேனை அனுப்புவதானால் அனுப்புங்கள். ஊசியைக் கூடையில் நானே வைத்துக் கொடுக்கிறேன்.


ஜூலை 30

உங்களுக்கு,

பதில் கேட்டு எழுதவில்லை. ஊசியின் சாப்பாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன். முழுத் தட்டும் சாப்பிடுகிறாள். மாடிப்படிக் கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் சுருள்வில் போட்டாகிவிட்டது. நான்தான் அடிக்கடி அதில் மாட்டிக்கொள்கிறேன். இயந்திரத்தின் சுவிட்சுக்கு ஒரு மூடி போட்டு அதன் மேல் மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "உள்ளே கையை விட்டுப் பார்த்தாச்சா?" வெறும் கைக்குட்டை உலர்த்தினாலும் உள்ளே தலையை விட்டுப் பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் மூட்டைக்கு முன்னால் நான் வாசலுக்குப் போகிறேன். இன்று அவர், "உங்களுக்கு இல்லைங்க" என்று நான் கேட்காமலேயே சொன்னார்.

நாளையோடு மாதம் முடிகிறது. வேன் எதுவும் வரவில்லை. தெருவில் எந்த வேன் நின்றாலும் மகள் ஊசியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறாள். பரீட்சை இருக்கிற அறைக்கு.

லாண்டரி


ஆகஸ்ட் 3

அன்புள்ள லாண்டரிக்காரருக்கு,

தபாலுக்குப் பழி சொல்ல மாட்டேன். உங்கள் கடிதம் சரியான நேரத்துக்கு வந்தது. முதல் பத்தியைப் படித்துவிட்டு மற்றதைப் படிக்கச் சொல்லியிருந்தீர்கள். மற்றதைப் படித்த பிறகு திரும்பத் திரும்ப முதல் பத்திக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

முதலில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மலைப் பக்கத்துக் கிளைக்குச் சம்மதம் என்று எழுதி, கைப்பையில் வைத்துக்கொண்டேன். வேன் டிரைவரிடமும் பேசினேன். இரவில் கண்ணை மூடினால் அந்த வட்டக் கண்ணாடிக் கதவு வந்தது. உங்கள்மேல் இருந்த கோபம் என் கைக்கே வந்து, மேசையில் ஒரு லென்ஸ் உடைந்தது.

அந்தச் சம்மதக் கடிதத்தைக் கொடுக்க மேலாளரின் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அப்போது யோசித்தேன். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இது ஒருநாளும் எனக்குத் தெரிந்திருக்காது. ஊசி சொல்லியிருக்க மாட்டாள். மூட்டை சொல்லியிருக்க மாட்டான். உங்கள் மகள் கூடாது என்றே சொல்லியிருக்கிறாள். என்னிடம் சிரிக்க வைத்தே தப்பிக்கிறவர், தப்பிக்க எல்லா வழியும் இருந்தபோது தப்பிக்கவில்லை. மகள் சொல்லாதே என்றதையும் சேர்த்தே சொன்னீர்கள். முன்னால் தெளிவாக இருந்ததா, இப்போது தெளிவாக இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

மேலாளரிடம் உங்கள் ஊர்க் கிளை என்று சொன்னேன். இந்த மாதம் இருபதாம் தேதி அங்கே சேர வேண்டும்.

எனக்குப் பயம் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதவுகளை எல்லாம் நானே ஒருமுறை மூடிப் பார்ப்பேன். உங்கள் மகள் இருக்கும் வீட்டுக்குள் வந்து எங்கே உட்கார வேண்டும், எங்கே உட்காரக் கூடாது என்று தெரியாது. பதினொரு வருஷமாக நானும் ஊசியும் மட்டும் இருந்து பழகியவள்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. நான் தினமும் போர்த்திக்கொள்ளும் போர்வை. எட்டு நாளாகத் துவைக்கவில்லை. மூட்டை படுக்கும் இடத்தில் போடுங்கள். நான் வருவதற்கு முன்னால் அவன் மூக்கு பழகட்டும். ஊசிக்கும் ஞாபகம் வரட்டும்.

உங்கள் வீட்டிலிருந்து எனக்கும் ஏதாவது அனுப்புங்கள். எனக்கும் பழக வேண்டும் அல்லவா.

கண்ணாடி


ஆகஸ்ட் 13

அன்புள்ள உங்களுக்கு,

இந்த முறை அடிக்கவில்லை. மகள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள்.

பார்சலை மகள்தான் பிரித்தாள். என்னைத் தொட விடவில்லை. "நீங்க தொட்டா துவைச்சிடுவீங்க" என்றாள். போர்வையை மூட்டையின் இடத்தில் விரித்தாள். ஊசி பலகை மேலே இருந்தாள். தலையைத் தூக்கினாள். ஒவ்வொரு பலகையாக இறங்கி வந்து, மூட்டை அங்கே படுத்திருப்பதைக் கண்டுகொள்ளாமல் அவன் கால்களைத் தாண்டி, போர்வைக்கு நடுவில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு சத்தம் போட்டாள். நான் இதுவரை கேட்காத சத்தம். அடுப்பில் ஏதோ கொதிப்பது மாதிரி. மூட்டை நகர்ந்து இடம் விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, அவளைத் தொடாமல், போர்வையின் ஓரத்தில் மட்டும் மூக்கை வைத்துப் படுத்தான். கயிறு என் இடுப்பில்தான் இருந்தது. இழுக்கவே இல்லை.

நேற்று ஊசி ஓடினாள், அவன் துரத்தினான், ஒரு நாற்காலி விழுந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் நினைக்கவில்லை.

மகள் தன் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். யாருக்கு என்று கேட்டேன். "சும்மா" என்றாள். இத்தனை நாள் அங்கே நாற்காலி இருந்ததில்லை.

நீங்கள் கேட்டதை அனுப்பத்தான் ரொம்ப யோசித்தேன். இந்த வீட்டில் எதை எடுத்து மோந்தாலும் சோப்பு வாசனைதான் வருகிறது. ஆகவே ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கழற்றவில்லை. கடையில், அடுப்படியில், சோபாவில், மூட்டையைக் குளிப்பாட்டும்போதுகூட அதுதான். மூன்றாம் நாளே மகள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, அவங்க வரணும்னு நெனைக்கிறீங்களா, வேண்டாம்னு நெனைக்கிறீங்களா?"

இன்றோடு வாரம் முடிந்தது. மடித்து வைத்திருக்கிறேன். வலது கைப்பட்டியில் மூட்டையின் பல் பட்ட ஓட்டை இருக்கும். அதே சட்டைதான். முன்பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த சாம்பல் முடியும் இருக்கும், ஒட்டுநாடா வைக்கவில்லை. இஸ்திரி போடவில்லை. காலரை மட்டும் ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுக்கலாம் என்று கை போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்தக் கடையிலிருந்து துவைக்காமல் வெளியே போகும் முதல் உருப்படி இது.

பிடிக்கவில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. கழற்றிய அறைக் கதவைத் திரும்ப மாட்டிவைக்கிறேன், வந்த பிறகு அதை மூடிக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் அந்தப் பக்கம் இருங்கள். முதலில் தள்ளி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே, என் தட்டை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

லாண்டரி